பனலில் மஞ்சள் லைற், மூன்றாம் சோனில் கோளாறு: நிலாவெளி வாசகருக்குப் பதில்

கேள்வி

வணக்கம் அண்ணா. நான் நிலாவெளியில் கடற்கரையோரமாக உள்ள ஒரு சிறிய ஹோட்டலில் மேலாளராக இருக்கிறேன். முன்பக்கக் கட்டடமும் பின்னால் ஒரு இரண்டுமாடிக் கட்டடமுமாக மொத்தம் 26 அறைகள். மாரி தொடங்கியதிலிருந்து எங்கள் ஃபயர் அலாரம் பனலில் மஞ்சள் லைற் எரிகிறது. பற்றரி கோளாறு என்று ஒன்று, மூன்றாம் சோன் கோளாறு என்று இன்னொன்று. மூன்றாம் சோன் என்பது பின்கட்டடத்தின் மேல்மாடி. அது மழை இரவுகளில் வரும், அடுத்த நாள் வெயில் ஏறினால் போய்விடும். பீப் சத்தம் தாங்காமல் இரவுக் காவலாளி ஐயா அதை நிறுத்திவிடுவார். போன மாதம் வயரிங் செய்கிற ஒருவர் வந்து பனலுக்குள்ளேயே ஒரு சின்ன ரெசிஸ்டரைப் பூட்டினார். அன்றிலிருந்து மூன்றாம் சோன் பேசாமல் இருக்கிறது. இதைவிட, கீழ்மாடியில் ஒரு அறையின் டிடெக்டர் விடியப்புறம் காரணமில்லாமல் அடிக்கிறது. அறைப் பையன்கள் அதை பிளாஸ்டிக் உறை போட்டு மூடிவிட்டார்கள். பூட்டிய கொம்பனி கொழும்பில். கூப்பிட்டால் வரக் கிழமைக்கணக்காகும், செலவும் அதிகம். சீசன் தொடங்கப்போகிறது. மஞ்சள் லைற்றோடு சீசனை ஓட்டலாமா? டிடெக்டர்களை நாங்களே துப்புரவு செய்யலாமா?

பதில்

வணக்கம் தம்பி.

நீங்கள் எழுதியதில் நான்கு விஷயம் இருக்கிறது. மூன்று ஓரிரு நாள் பொறுக்கும். பனலுக்குள் பூட்டிய அந்த ரெசிஸ்டர் மட்டும் பொறுக்காது. கடிதத்தின் நடுவில் அதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த ஒரு வரிதான் நெஞ்சில் நின்றது. மூன்றாம் சோன் திருந்தவில்லை தம்பி, அதன் வாயைக் கட்டியிருக்கிறார்கள்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று விளக்கினால்தான் முதலாளியிடம் நீங்களும் உறுதியாகப் பேசலாம். உங்களுடையது சோன் வகைப் பனல், அதாவது கட்டடத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கவனிப்பது. இதில் பனலிலிருந்து இரண்டு வயர் புறப்படும். ஒரு டிடெக்டரின் அடித்தட்டுக்குப் போய், அங்கிருந்து அடுத்ததற்கு, அதிலிருந்து அதற்கடுத்ததற்கு என்று நீண்டு, கடைசி டிடெக்டரில் ஒரு ரெசிஸ்டரோடு, அதாவது கரண்டை அளவாக மட்டும் ஓடவிடும் சின்னத் துண்டோடு, முடியும். பனல் இந்த வயரில் எந்நேரமும் ஒரு சிறிய கரண்டை அனுப்பிக்கொண்டிருக்கும். கடைசி ரெசிஸ்டர் வழியாக அது திரும்பி வந்தால் வயர் முழுதாக இருக்கிறது என்று அர்த்தம். வராவிட்டால் எங்கோ அறுந்திருக்கிறது, மஞ்சள் லைற் எரியும். ஒரு டிடெக்டர் புகையைக் கண்டால் அது கூடுதலாகக் கரண்ட் இழுக்கும், அப்போது சிவப்பு லைற்றும் மணியும். மேல்மாடியைப் பற்றிப் பனலுக்குத் தெரிவதெல்லாம் அந்தக் கரண்டின் அளவு ஒன்றுதான். அதை வைத்துத்தான் எல்லாவற்றையும் முடிவெடுக்கிறது.

அந்த ரெசிஸ்டரைப் பனலுக்குள் பூட்டினால் கரண்ட் வாசலிலேயே திரும்பிவிடும். மேல்மாடி வயரை அவர் கழற்றி வைத்திருந்தால் அங்குள்ள டிடெக்டர் ஒன்றுகூட வேலை செய்யாது. கழற்றாமல் விட்டிருந்தால், அறுந்த இடம் வரைக்கும் உள்ளவை வேலை செய்யக்கூடும், அதற்கப்பால் உள்ளவை செத்தவைதான். எது உயிரோடு, எது செத்தது என்று பனல் இனி ஒருநாளும் சொல்லாது. மஞ்சள் லைற் எரிந்தபோது குறைந்தபட்சம் அங்கே பாதுகாப்பில்லை என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது. இப்போது அதுவும் போய்விட்டது. வந்தவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. சத்தத்தை நிறுத்தச் சொன்னீர்கள், அவர் நிறுத்திக் கொடுத்தார். ஆனால் இன்றைக்கே அதைக் கழற்ற வேண்டும். பனலுக்குள் 230 வோல்ற் மின்சாரமும் வருவதால் நீங்களோ பையன்களோ கைவைக்க வேண்டாம். மின் வேலை தெரிந்த ஒருவரைக் கொண்டு மெயினை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். மஞ்சள் லைற் திரும்பி வரும். வரட்டும்.

அது சரியாகும் வரை மேல்மாடியில் விருந்தினரை விடாதீர்கள். சீசன் இன்னும் பிறக்கவில்லை, முன்கட்டடத்திலேயே சமாளிக்கலாம். தவிர்க்க முடியாமல் ஆட்களை விட்டால், பற்றரியில் தனியாக இயங்கும் புகை அலாரங்களை அறைக்கொன்றாக மாட்டுங்கள். அதோடு இரவு முழுக்க ஒருவர் மேலே சுற்றி நடந்து பார்க்க வேண்டும், கையில் போன் இருக்க வேண்டும். அமெரிக்காவின் தீப் பாதுகாப்புச் சங்கமான என்.எஃப்.பி.ஏ.யின் விதிகளில், 24 மணி நேரத்துக்குள் 4 மணி நேரத்துக்கு மேல் அலாரம் வேலை செய்யாவிட்டால் கட்டடத்தைக் காலி செய் அல்லது ஆள் வைத்துக் காவல் செய் என்று இருக்கிறது. ஏசி போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறவருக்குப் புகை வருவது தெரியாது. அவருக்காக விழித்திருக்கத்தானே இந்த டிடெக்டர்.

இனி அந்த மழைக்கால கோளாறு. இதில்தான் கொழும்பிலிருந்து வருகிறவர்கள் தோற்றுப் போகிறார்கள். அவர்கள் அதிகாலை புறப்பட்டு, ஹபரணை தாண்டி, இங்கே வந்து சேரும்போது வெயில் ஏறிவிடும். வயர் காய்ந்திருக்கும், மீற்றரில் எல்லாம் சரியாகக் காட்டும். 'இப்போது ஒன்றுமில்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். அன்றிரவே திரும்ப வரும்.

நம் கரையில் ஈரம் மட்டும் வருவதில்லை, உப்போடு சேர்ந்து வருகிறது. வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் கடலைப் பார்த்த பக்கத்தில் எந்த இரும்பும் தப்பாது. அலாரம் வயர்களின் இணைப்புப் பெட்டிகளுக்குள்ளும் அந்த உப்பு போய்ப் படிகிறது. பகலில் காய்ந்து வெறும் வெள்ளைத் தூளாக இருக்கும். இரவில் காற்றில் ஈரலிப்பு ஏறியதும் உப்பு அதை உறிஞ்சி நனைந்துவிடும். நனைந்த உப்புக்குள்ளால் கரண்ட் ஓடும். ஆகவே மழையே பெய்யாத இரவிலும் கோளாறு வரலாம்.

பின்கட்டடத்தின் வெளி விறாந்தையில் சுவரோடு இருக்கும் ஒரு இணைப்புப் பெட்டியைத் திறந்து பார்த்தால் நான் சொல்வது விளங்கும். மூடியின் உட்புறத்தில் வியர்த்ததுபோல் துளித்துளியாக நீர் நிற்கும். செப்பு வயரின் நுனியில் பச்சைக் களிம்பு. ஸ்குரூவைத் திருப்பினால் தலை உதிர்ந்து கையோடு வரும். மூலையில் எறும்பு மண் கட்டியிருக்கும், அந்த மண் ஈரத்தைப் பிடித்து இரண்டு வயருக்கும் நடுவில் வைத்திருக்கும். மேலிருந்து இறங்கும் பைப் நேராகப் பெட்டியின் தலையில் வந்து ஏறியிருந்தால் பைப்புக்குள் ஒழுகிய தண்ணீர் முழுக்க அங்கேதான் வந்து சேரும். கூரைக்குப் பக்கத்தில் போகிற பைப் ஒன்றில் வெடிப்பு இருந்தாலும், தண்ணீர் வெளியே தெரியாமல் பைப்புக்குள்ளாலேயே ஓடி, பத்தடி தள்ளியிருக்கும் பெட்டியில் வந்து தேங்கும். அதனால் நனைந்த பெட்டியைத் துடைத்து மூடிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று பைப் வழியே மேல்நோக்கிப் போய்ப் பார்க்க வேண்டும்.

உள்ளூரில் மீற்றர் பிடிக்கத் தெரிந்த நல்ல மின்னியலாளர் ஒருவர் போதும், இடத்தைக் கண்டுபிடிக்கலாம். மூன்றாம் சோனின் இரண்டு வயரையும் பனலில் கழற்றி, வெளியே போகும் வயரின் தடையை ஓமில் அளக்கச் சொல்லுங்கள். வயர் நன்றாக இருந்தால் கடைசி ரெசிஸ்டரின் அளவைக் கிட்டத்தட்டக் காட்டும். அந்த ரெசிஸ்டரில் மஞ்சள், ஊதா, சிவப்பு என்று வளையங்கள் இருந்தால் அது 4.7 கிலோ ஓம். பனலுக்குப் பனல் இது மாறும், கையேட்டில் எழுதியிருக்கும். கடையில் கைக்கு வந்ததைப் பூட்டக் கூடாது. சில பனல்களில் ரெசிஸ்டருக்குப் பதில் கப்பாசிற்றர் வைத்த துண்டு ஒன்று இருக்கும், அப்படியானால் இந்த அளவீடு பொருந்தாது. மீற்றர் ஒன்றுமே காட்டாவிட்டால் எங்கோ அறுந்திருக்கிறது. இருக்க வேண்டியதைவிட நன்றாகக் குறைத்துக் காட்டினால் எங்கோ ஈரத்துக்குள்ளால் கரண்ட் கசிகிறது.

அறுந்திருந்தால், சோனின் நடுவிலுள்ள டிடெக்டருக்குப் போய், அங்கிருந்து அப்பால் போகிற வயரைக் கழற்றி, அதே அளவு ரெசிஸ்டர் ஒன்றைத் தற்காலிகமாக அங்கே வைத்துப் பார்க்க வேண்டும். பனலில் கோளாறு போனால் முன்பாதி நல்லது, பழுது பின்பாதியில். போகாவிட்டால் முன்பாதியில். அப்படியே பாதி பாதியாக வெட்டிக்கொண்டு போனால் பத்துப் பன்னிரண்டு டிடெக்டர் உள்ள சோனில் நான்கைந்து தடவைக்குள் இடம் அகப்பட்டுவிடும். எல்லாப் பெட்டியையும் வரிசையாகத் திறந்து போகிறவர்கள் ஒரு நல்ல இணைப்பையும் குழப்பிவிட்டுத்தான் போவார்கள். வேலை முடிந்ததும் ரெசிஸ்டர் கடைசி டிடெக்டரில்தான் இருக்க வேண்டும். இதை நீங்களே கண்ணால் பாருங்கள்.

இந்தச் சோதனையை இருட்டிய பிறகு, ஈரலிப்பு ஏறியதும் செய்யச் சொல்லுங்கள். மழை ஓயப்போகிறது. ஓய்ந்தால் கோளாறும் தானாக மறையும், முதலாளியும் மறந்துவிடுவார், அடுத்த ஐப்பசியில் திரும்ப வரும். தேடிப் பிடிக்க இதுதான் நேரம்.

ஒரு எச்சரிக்கை. வீட்டு வயரிங் சோதிக்கிறவர்கள் இன்சுலேஷன் சோதனைக்கு மெகர் என்ற கருவியைக் கொண்டு வருவார்கள். அது 500 வோல்ற் அனுப்பும். டிடெக்டர்கள் பூட்டியிருக்கும்போது அதை வைத்தால் உள்ளே இருக்கும் எலெக்ட்ரோனிக்ஸ் மொத்தமாகக் கருகும். அடித்தட்டிலிருந்து எல்லா டிடெக்டர் தலைகளையும் கழற்றி, பனலிலிருந்தும் பிரித்த பிறகுதான் அந்தக் கருவி.

பனலில் எர்த் கோளாறு என்று ஏதாவது லைற் எப்போதாவது எரிந்ததா என்றும் காவலாளி ஐயாவைக் கேளுங்கள். ஒரு வயர் ஈரச் சுவரிலோ இரும்புப் பைப்பிலோ பட்டால் அது எரியும். ஒரு இடத்தில் மட்டும் பட்டிருந்தால் அலாரம் வழமைபோல வேலை செய்யும், அதனால் எல்லோரும் அசட்டையாக விடுகிறார்கள். இரண்டாவது இடத்தில் மற்ற வயரும் பட்டால் அன்றைக்கு ஒரு பக்கமே செயலிழந்துவிடும்.

பெட்டிகளை மாற்றும்போது தண்ணீர் புகாத வகை வாங்குங்கள். வயர் பெட்டியின் அடிப்பக்கத்தால் ஏறட்டும், நுழையும் துளையை ரப்பர் வளையம் உள்ள கிளாண்ட் போட்டு இறுக்கட்டும். ஸ்குரூ துருப்பிடிக்காத உருக்கு. நீச்சல் தடாகப் பக்கத்திலோ கடற்கரை வாசலிலோ கண்ணாடி உடைத்து அழுத்தும் பொத்தான் இருந்தால் அதுவும் வெளியிடத்துக்கான வகையாக இருக்க வேண்டும். உள்ளறைக்கான பொத்தானை வெளியே பூட்டி மேலே ஒரு தகரம் அடித்திருப்பதை நம் பக்கத்தில் எத்தனையோ இடத்தில் பார்க்கிறேன். ஒரு மாரிக்கு மேல் அது தாங்காது.

பற்றரிக்கு வருவோம். அதற்கு முன் ஒரு கேள்வி: மாரியில் விருந்தினர் இல்லாத மாதங்களில் கரண்ட் பில்லைக் குறைக்க மெயின் சுவிட்சை இறக்கி வைக்கிறீர்களா? உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் இது பரவலான பழக்கம். சீசன் ஏப்ரலுக்குப் பிறகுதான், அதுவரை எதற்கு என்று முழுக் கட்டடத்தையும் நிறுத்திவிடுவார்கள். பனலுக்கும் அதே மெயினிலிருந்துதான் கரண்ட் என்றால், அது பற்றரியில் ஓடி ஓடி, ஓரிரு நாளில் பற்றரியை உறிஞ்சி முடித்துவிடும். இந்த வகை மூடிய ஈயப் பற்றரியை முழுக்க வடியவிட்டு வாரக்கணக்கில் வைத்தால் அது பிறகு சார்ஜ் ஏறாது. மெயினைத் திரும்பப் போட்டதும் பற்றரி கோளாறு லைற் வரும். உங்களுக்கு நடந்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். பனலுக்குத் தனி பிரேக்கர் வேண்டும், அதன் மேல் 'ஃபயர் அலாரம், நிறுத்தக் கூடாது' என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்ட வேண்டும். பனல் ஒன்று இழுக்கிற கரண்ட் ஒரு சின்ன பல்பு அளவுதான். அதில் மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை.

உள்ளே 12 வோல்ற் பற்றரி இரண்டு தொடராக இணைக்கப்பட்டு 24 வோல்ற் ஆகியிருக்கும். பக்கம் வீங்கியிருக்கிறதா, முனைகளில் வெள்ளைத் தூள் பூத்திருக்கிறதா, தொட்டால் சுடுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இதில் ஏதாவது ஒன்று இருந்தாலே மாற்ற வேண்டும். சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது மீற்றர் வைத்து 13 வோல்ற் காட்டுகிறது, நல்ல பற்றரி என்று ஒருவர் சொன்னால் நம்பாதீர்கள், அது சார்ஜரின் வோல்ற்றைக் காட்டுகிறது. பனலின் பிரேக்கரை இறக்கி, சில மணி நேரம் பற்றரியில் மட்டும் ஓடவிட்டு, பிறகு மணிகளை அடிக்கவிட்டு, அந்த நேரத்தில் அளந்தால்தான் உண்மை தெரியும். பிரித்தானிய விதிகளின்படி ஹோட்டல் போன்ற இடத்தில் கரண்ட் போனபின் 24 மணி நேரம் விழித்திருந்து, அதன் பிறகும் அரை மணி நேரம் மணி அடிக்க அந்தப் பற்றரிக்குச் சக்தி இருக்க வேண்டும். ஒரு கணக்குச் சொல்கிறேன்: பனல் சும்மா இருக்கையில் 0.15 அம்பியர் இழுத்தால் 24 மணிக்கு 3.6 அம்பியர்-மணி, மணி அடிக்கும்போது 1 அம்பியர் என்றால் அரை மணிக்கு 0.5. மொத்தம் 4.1. பழசாகும்போது வலு குறைவதற்காகக் கால்வாசி கூட்டினால் 5.1. அதனால்தான் 7 அம்பியர்-மணிப் பற்றரி பூட்டியிருப்பார்கள். மணிகளைக் கூட்டியிருந்தால் இந்தக் கணக்கைத் திரும்பப் போட வேண்டும்.

2022இல் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததே, அந்த மாதிரிக் காலத்தில் நல்ல பற்றரியும் களைத்துப் போகும், ஏனென்றால் வடிந்ததை நிரப்பச் சார்ஜருக்கு நேரம் போதாது. வெக்கையும் அதன் எதிரி. 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஆயுள் கிட்டத்தட்டப் பாதியாகும். பனல் ஜெனரேற்றர் அறைச் சுவரிலோ காற்றோட்டமில்லாத படிக்கட்டு அடியிலோ இருந்தால் மூன்று நான்கு வருடம் ஆகுமுன்பே மாற்ற வேண்டியதாகிவிடும். மாற்றும்போது இரண்டையும் சேர்த்து, ஒரே வகை, ஒரே கொள்ளளவாக மாற்றுங்கள். பழையது ஒன்றும் புதியது ஒன்றும் போட்டால் புதியதும் கெடும். பூட்டிய திகதியை மார்க்கரால் பற்றரி மேலேயே எழுதுங்கள். இந்தப் பற்றரி திருகோணமலை நகரத்திலேயே கிடைக்கும், இதற்காகக் கொழும்பைப் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

கீழ்மாடி அறையின் டிடெக்டர் விடியப்புறம் அடிப்பது. முதலில் அந்தப் பிளாஸ்டிக் உறையைக் கழற்றச் சொல்லுங்கள். சோனையே இடைநிறுத்தி வைத்தாலாவது பனலில் அதற்கென்று ஒரு லைற் எரிந்து ஞாபகப்படுத்தும். உறைக்கு அப்படி ஒன்றும் இல்லை. அறைப் பையன் வேலைமாறிப் போய்விட்டால் அது அங்கே இருப்பதே யாருக்கும் தெரியாது.

இந்த டிடெக்டருக்குள் ஒரு சின்னக் கறுப்பு அறை இருக்கிறது. அதில் ஒரு பக்கத்தில் ஒளி விடும் சிறு லைற், அதற்கு நேரே இல்லாமல் ஒதுங்கி ஒளியை உணரும் கண். சாதாரணமாக ஒளி அந்தக் கண்ணில் படாது. புகைத்துகள் உள்ளே வந்தால் ஒளி அதில் பட்டுச் சிதறிக் கண்ணுக்குப் போகும், உடனே அலாரம். புகை மட்டுமல்ல, ஒளியைச் சிதறடிக்கிற எதுவும் அதற்குப் புகைதான்: குளியலறையிலிருந்து வரும் சுடுநீர் ஆவி, நுளம்பு ஸ்பிரே, டெங்கு புகையடிப்பு, வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி. கறுப்பு அறைக்குள் ஒரு சிலந்தி நூல் ஒன்று குறுக்கே ஓடினாலே போதும். மூடியைக் கழற்றி டோர்ச் அடித்துப் பாருங்கள், முடியைவிட மெல்லியதாகப் பளிச்சென்று மின்னும். உப்புத் தூசு சுவரில் படிந்தாலும் ஒளி தெறித்து, அந்த டிடெக்டர் தொட்டதற்கெல்லாம் அடிக்கிற நிலைக்கு வந்துவிடும். இதே தூசு வெளி வலைக்கண்ணை அடைத்தால் எதிர்ப்பக்கம் நடக்கும், புகையே உள்ளே போகாது, அது ஒரு சத்தமும் போடாமல் சீலிங்கில் இருக்கும். தேவையில்லாமல் அடிப்பதைத்தான் எல்லோரும் கவனிக்கிறார்கள். அடிக்காமல் இருப்பதை நான் அதிகம் கவனிக்கிறேன்.

விடியப்புறம் என்பதால் உங்களுடையதில் மூன்று சந்தேகம். விருந்தினர் அதிகாலையில் சுடுநீரில் குளித்துவிட்டுக் கதவைத் திறக்கும் நேரம் அது. இரவு முழுக்க ஏசியில் குளிர்ந்த அறைக்குள், கதவு திறந்ததும் வெளி ஈரக்காற்று வந்து டிடெக்டர் மேல் பனிப்பதும் அப்போதுதான். அல்லது பூச்சி. அந்தத் தலையைக் கழற்றி, அதே சோனில் அதே வகைத் தலையுள்ள வேறு அறைக்கு மாற்றிப் பூட்டுங்கள், அங்குள்ளதை இங்கே போடுங்கள். அடிப்பது தலையோடு போனால் தலை அழுக்கு. அறையிலேயே நின்றால் இடம் பிழை: குளியலறைக் கதவுக்கு நேரே, அல்லது ஏசி காற்று வாய்க்கு ஒரு மீற்றருக்குள் பூட்டியிருப்பார்கள். அப்படியானால் இடத்தை மாற்றத்தான் வேண்டும். தூங்குகிற அறைக்கு வெப்பத்தை மட்டும் உணரும் டிடெக்டரைப் போட்டுத் தப்பிக்க நினைக்க வேண்டாம். அது ஏறக்குறைய 57 பாகை வரும் வரை காத்திருக்கும், அதற்குள் புகை தூங்குகிறவரை முடித்துவிடும். குசினிக்குத்தான் அது சரி.

இன்னொன்று, அலாரம் அடித்ததும் வரவேற்பில் இருப்பவர் செய்கிற முதல் வேலை ரீசெற் பொத்தானை அழுத்துவது. அழுத்தினால் எந்த டிடெக்டர் அடித்தது என்கிற தடயம் போய்விடும். அடித்த டிடெக்டரில் சிவப்புக் கண் ரீசெற் செய்யும் வரை எரிந்துகொண்டே இருக்கும். முதலில் ஒருவர் ஓடிப்போய்த் தீ இருக்கிறதா என்று பார்த்து, எந்த அறையின் கண் எரிகிறது என்று எழுதிக்கொள்ளட்டும். பிறகு ரீசெற். தீ என்றால் 110க்கு அழைப்பு, ஆட்களை வெளியேற்றுவது, அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

துப்புரவு செய்யலாமா என்று கேட்டீர்கள். வெளிப்புறத் துப்புரவை நீங்கள் தாராளமாகச் செய்யலாம், செய்யவும் வேண்டும். சோனை இடைநிறுத்துங்கள், வேலை செய்பவர் பெயரும் நேரமும் பதிவுப் புத்தகத்தில் ஏறட்டும். மெல்லிய தூரிகை முனை பூட்டிய வாக்யூமை வலைக்கண்ணைச் சுற்றிப் பிடியுங்கள். ஈரத் துணி, கண்ணாடி துடைக்கும் திரவம், வாசனை ஸ்பிரே எதுவும் கிட்டே வரக் கூடாது. சீலிங்குக்குப் பெயின்ற் அடிக்கிற நாளில் டிடெக்டர் மேல் ஒரு துளிகூடப் படக் கூடாது. பட்டால் அந்தத் தலையைக் கழித்துவிட வேண்டியதுதான். கறுப்பு அறையைத் திறக்க உற்பத்தியாளர் கையேட்டில் அனுமதி இருந்தால் மட்டும், உலர்ந்த காற்றைச் சின்னச் சின்னதாக அடித்து ஊதலாம். ஒவ்வொரு தலையையும் துப்புரவு செய்த பிறகு, சோதனைக்கென்றே விற்கிற புகை ஸ்பிரேயை அடித்து அது உண்மையில் அலாரம் தருகிறதா என்று பார்க்க வேண்டும். நுளம்புச் சுருளையோ சிகரெட்டையோ பிடித்துச் சோதிக்கிறார்கள், அதன் பிசின் உள்ளே படிந்து, சோதித்ததாலேயே கெட்டுவிடும். முடிந்ததும் சோனை மறக்காமல் திரும்ப இயக்குங்கள். மாரி முடிந்ததும் ஒருமுறை, சீசன் முடிந்ததும் ஒருமுறை என்றால் உங்கள் இடத்துக்குச் சரியாக இருக்கும். கடலைப் பார்த்த விறாந்தையில் இன்னும் கூடுதலாக. தலையின் பின்புறத்தில் உற்பத்தித் திகதி இருக்கும். பத்து வருடம் தாண்டியவற்றைத் துப்புரவு செய்து நேரம் போக்காமல் மாற்றிவிடுங்கள்.

காவலாளி ஐயா பீப்பை நிறுத்துவதில் எனக்கு வருத்தமில்லை, இரவு முழுக்க அந்தச் சத்தத்தோடு யாராலும் இருக்க முடியாது. நிறுத்துமுன் எந்த லைற் எரிகிறது, எத்தனை மணி, மழையா வெயிலா என்று ஒரு வரி எழுதிவிட்டு நிறுத்தட்டும். அவருக்குச் சிங்களம்தான் எழுத வரும் என்றால் சிங்களத்தில் எழுதட்டும். பனலுக்குப் பக்கத்தில் சோன் வரைபடம் ஒன்று, எந்தச் சோன் எந்தக் கட்டடம் என்று, இரண்டு மொழியிலும் ஒட்டுங்கள். கிழமைக்கு ஒரு நாள், விருந்தினர் காலைச் சாப்பாடு முடித்த பிறகு, ஒரு பொத்தானை அழுத்தி மணி அடித்துப் பாருங்கள். ஒவ்வொரு கிழமையும் வேறு பொத்தான். அடிக்கும்போது மேல்மாடியில் ஒரு அறையில் கதவைச் சாத்தி ஏசியையும் போட்டுக்கொண்டு நின்று, தூங்குகிற ஆளை எழுப்பும் அளவுக்குக் கேட்கிறதா என்று பாருங்கள்.

கொழும்புக் கொம்பனியை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது முறையான பரிசோதனை வேண்டும், அது அவர்கள் வேலை. ஒப்பந்தத்தில் வருடத்துக்கு இரண்டு வருகை என்று எழுதி வாங்குங்கள், ஒன்று மழைக்காலத்தில் விழட்டும், இரவு தங்கிப் பார்க்கிற மாதிரி. அவர்களிடம் இன்றே போன் பண்ணி உங்கள் பனலின் கடைசி ரெசிஸ்டர் அளவைக் கேட்டு எழுதிவையுங்கள். அதே வகை டிடெக்டர் தலை நான்கு, ரெசிஸ்டர் சில, உடைக்கும் பொத்தானுக்குக் கண்ணாடிகள், இவற்றை வாங்கி அலுமாரியில் வைத்திருந்தால் பாதிப் பயணச் செலவு மிஞ்சும்.

மஞ்சள் லைற்றோடு சீசனை ஓட்டலாமா என்ற கேள்விக்கு என் பதில்: பின்கட்டடத்தின் மேல்மாடியை ஓட்டக் கூடாது. முன்கட்டடத்தை, பற்றரி மாற்றிய பிறகு, ஓட்டலாம். ரெசிஸ்டரைக் கழற்றியதும் மூன்றாம் சோனின் அளவீட்டைப் பகலில் ஒன்று, இருட்டிய பிறகு ஒன்று என்று எடுத்து, பற்றரியில் அச்சடித்த திகதியையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள். பனலின் உட்புறத்தைப் படம் எடுத்து அனுப்பினால் வயர் எப்படி வருகிறது என்று பார்த்து, எந்தப் பெட்டியை முதலில் திறக்கலாம் என்று சொல்கிறேன்.